வராதவர்கள் நாற்பத்தொரு பேர்

மேலவெளிப்பட்டியில் எந்த வீட்டுக்கு என்ன கதவு எண் என்று தபால்காரருக்குச் சந்தேகம் வந்தால் செவந்தி அக்காவைத்தான் கேட்பார். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் சொல்வார். வீட்டுக்காரர் பெயர், அவருடைய அப்பா பெயர், யாருக்கு என்ன வயது, எல்லாம் வரும். நூறு நாள் வேலையில் ஒன்பது வருடம் பணித்தளப் பொறுப்பாளராக இருந்த பழக்கம் அது. காலையில் கண்மாய்க் கரையில் நின்று நூற்றுச் சொச்சம் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், வந்தவர்களுக்கு மட்டும் வருகை போடுவதும்தான் அவர் வேலை.

படிப்பு பத்தாம் வகுப்பு. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். வாயைத்தான் அச்சில் ஏற்ற முடியாது. வேலைக்கு வராமலே பெயரைப் போடச் சொல்லி யாராவது இளித்துக்கொண்டு வந்தால், அவருடைய மூன்று தலைமுறையையும் வரப்பில் இழுத்துப் போட்டுவிடுவார். ஒருமுறை அவருடைய வீட்டுக்காரரே காய்ச்சல் என்று சொல்லி, பதினோரு மணிக்கு மண்வெட்டியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா அவருக்கு ஆப்சென்ட் போட்டார். மனிதர் மூன்று நாள் பேசவில்லை. "பேசாட்டிப் போகட்டும், சோறு கேக்காம இருந்தாராக்கும்?" என்றார் அக்கா.

இப்படிப்பட்டவர்தான் ஒரு மத்தியானம், வராத நாற்பத்தொரு பேரை வந்ததாக எழுதினார். அதில் எனக்கும் பங்கு உண்டு. என் பெயர் சேரன். கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கிறேன், ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராகவும் இருக்கிறேன். நிருபர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். யூரியா மூட்டைமேல் உட்கார்ந்து செய்தி அனுப்புகிறவன்.

போன வருடம் மே மாதம். ஊர் ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் எரிந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. தனி அலுவலர் என்று ஒருவர் இருந்தார், அவருக்கு எங்கள் ஊரைப் போல எத்தனையோ ஊர். மனுக் கொடுத்தோம், ரசீது கொடுத்தார்கள். தண்ணீர் மட்டும் வரவில்லை. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்தவர் தோட்டத்து பம்புசெட்டில் நின்று கெஞ்சினார்கள். அங்கே கேட்ட பேச்சையெல்லாம் எழுத முடியாது.

அக்காவுக்கு முதலில் மறியல் என்ற எண்ணமே கிடையாது. இதை அழுத்திச் சொல்கிறேன். ஒன்றிய அலுவலகத்துக்கு முன்னால் அரை மணி நேரம் நின்று சத்தம் போட்டுவிட்டு வரலாம் என்றுதான் நினைத்தார். அதற்கு அனுமதி கேட்டுக் காவல் நிலையத்துக்கு மனுவோடு போனார், நானும் கூடப் போனேன். மாவட்டத்தில் காவல் சட்டத்தின் முப்பதாவது பிரிவு அமலில் இருக்கிறது என்றார்கள். கூட்டமோ ஊர்வலமோ ஆர்ப்பாட்டமோ, எதுவானாலும் ஐந்து நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை பேர், எந்த நேரம், மைக் உண்டா, யார் பொறுப்பு என்று எல்லாம் சொல்ல வேண்டும். அக்கா அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். ஐந்தாம் நாள் போனோம். தேர்த் திருவிழா பந்தோபஸ்துக்கே ஆள் பற்றவில்லை, தேதியை மாற்றிக் கேளுங்கள் என்றார்கள்.

"அதையே எழுத்துல குடுங்க சார்" என்றார் அக்கா. எழுத்தில் வரவில்லை.

"அப்ப தாகம் எடுக்கிறதுக்கும் அஞ்சு நாளைக்கு முன்னாடி மனுக் குடுக்கணும்போல" என்று நிலையத்துப் படியில் நின்றே சத்தமாகச் சொன்னார். மறியல் என்று முடிவானது அந்தப் படியில்தான்.

நான் காவல்துறையை மட்டும் குறை சொல்லவில்லை. சாலையை மறித்தால் அதில் யார் யாரோ மாட்டுவார்கள். பிரசவ வலியோடு ஆட்டோவில் போகிறவள் நம் தண்ணீர்க் கஷ்டத்துக்கு என்ன செய்வாள்? அதற்கு ஒரு சட்டம் வேண்டும்தான். ஆனால் நின்று பேச ஓர் இடம் கொடுத்திருந்தால், எங்கள் பெண்கள் தார் ரோட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அனுமதியோடு நின்றால் வழக்கு இல்லை, மறித்தால் வழக்கு உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் கிழிந்து கிடந்தது ஒரு மனுத்தாள்தான்.

மறியலுக்கு முந்தின நாள் சாயங்காலம், அடுத்த வீட்டு பிரகதாம்பாள் அக்காவிடம் வந்தார். புருஷன் இல்லாதவர், ஒரே மகள். மகள் மோகனப்ரியா காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் ஓடுவதும் பகலில் புதுக்கோட்டையில் பயிற்சி வகுப்புக்குப் போவதுமாக இருந்த பெண்.

"செவந்தி, தப்பா நெனைக்காத. நான் நாளைக்கு வரலை. புள்ள காலைப் புடிச்சுக் கேக்குது. வீட்டுல யாரு மேலயாச்சும் கேஸுன்னு ஒண்ணு வந்துட்டா அம்புட்டுத்தான்னு பயப்படுது."

"அட, இதுக்குப் போயி மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற! நீ வரவே வேணாம். ஒங்குடத்தைக் குடு, அதையும் சேத்து நான் தூக்கிட்டுப் போறேன்" என்றார் அக்கா. பிரகதாம்பாள் குடத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பத்து மணிக்கு முக்குரோட்டில் காலிக் குடங்களை வரிசையாக வைத்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேருந்துகள் நின்றன. ஒரு கார்க்காரர் திட்டினார், அக்கா அவருக்குத் திருப்பிக் கொடுத்தது அவருடைய ஆயுசுக்கும் போதும். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் அக்காவே எழுந்து குடங்களைக் காலால் ஒதுக்கி வழி விட்டார். தாசில்தார் வந்தார், பேசினார், பலிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு எல்லோரையும் கைது செய்தோம் என்று சொல்லி, ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். வண்டியில் ஏறும்போது நான் எண்ணினேன். அறுபத்திரண்டு பேர்.

மறியலில் கைதானால் கல்யாண மண்டபம்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். மின்விசிறி சுற்றும், எலுமிச்சைச் சோறு பொட்டலம் வரும், சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள். இது கைது என்றே யாருக்கும் உறைப்பதில்லை. மணமேடையில் சாய்ந்து இரண்டு பேர் குறட்டை விட்டார்கள். மிச்சப் பேர் வராதவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "வராத வீட்டுக்குத் தண்ணி விடக் கூடாது, ஆமா! வெயில்ல வேகுறது நாம, குடிக்கிறது அவளுகளா?" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். பிரகதாம்பாள் பெயரும் அதில் அடிபட்டது.

அப்போது எஸ்.ஐ. ஒரு கட்டு வெள்ளைத்தாளோடு வந்தார். முந்தின நாளெல்லாம் திருவிழாவில் நின்ற மனிதர், கண் சிவந்திருந்தது. "நீங்கதான நல்லா எழுதுவீங்க, எல்லார் பேரு, தகப்பனார் பேரு, வயசு, விலாசம் எழுதிக் குடுங்கம்மா. நான் ஒவ்வொருத்தரா கேட்டா விடிஞ்சிரும்" என்று அக்காவிடம் நீட்டினார்.

அக்கா எழுத உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். இனி நான் செய்ததைச் சொல்கிறேன். "அக்கா, அறுபத்திரண்டுன்னு அனுப்புனா ஒரு மூலையில நாலு வரி போடுவாங்க. நூறைத் தாண்டிருச்சுன்னா மாவட்டப் பக்கத்துல படத்தோட வரும். கலெக்டர் ஆபீஸ்ல அந்தப் பக்கத்தைத்தான் பாப்பாங்க" என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. பொய் எழுது என்றும் சொல்லவில்லை. எனக்கு எண்ணிக்கை வேண்டும், அவ்வளவுதான். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் முகங்கள் இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மண்டபத்தைப் பார்த்தார். "வராதவளுகன்னு இவளுக நாளைக்கு அதுகளைக் கொழாயடியில நிக்க விட மாட்டாளுக. லிஸ்ட்டுல பேரு இருந்துட்டா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல?" என்றார். இரக்கம்தான். அந்த இரக்கத்தோடு, ஒன்பது வருடம் பழகிய கையால், நூறு நாள் வேலை அட்டை வரிசையில் வீடு வீடாக எழுதிக்கொண்டே போனார். அட்டையில் இருக்கும் பெயரெல்லாம் தாளில் இறங்கியது. நூற்று மூன்றில் போய் நின்றது. எஸ்.ஐ. வாங்கி மடித்துக்கொண்டு போனார்.

மறுநாள் "குடிநீர் கேட்டு மறியல், 103 பேர் கைது" என்று மாவட்டப் பக்கத்தில் படத்தோடு வந்தது. இரண்டே நாளில் புது மோட்டார் இறங்கியது. என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள், நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் திரிந்தேன்.

இந்த வருடம் ஏப்ரலில் மோகனப்ரியா இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் தேறினாள். எழுத்துத் தேர்வு, ஓட்டம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்து, நன்னடத்தை விசாரணை மட்டும் பாக்கி. பிரகதாம்பாள் தெருவுக்கே கேசரி கொடுத்தார். மறுவாரம் விசாரணைக்கு வந்த காவலர், படிவத்தை ஒரு தடவை, அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, வழக்கு எதுவும் இல்லைன்னு எழுதியிருக்க. ஒன்மேல ஒரு மறியல் கேஸ் இருக்கே?"

அன்றைக்கு மத்தியானம் அந்தப் பெண் செவந்தி அக்காவின் வாசலில் வந்து நின்றாள். கையில் செல்போன், அதில் இணையத்தில் எடுத்த முதல் தகவல் அறிக்கை. எழுபத்தேழாவது பெயர், மோகனப்ரியா, வயது இருபது, மேலவெளிப்பட்டி. அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தார்.

"அத்தை, இதை யாரு எழுதுனது?"

"நாந்தான்டி."

"என்னைக் கேட்டீங்களா? ஒரு வார்த்தை கேட்டீங்களா? அம்மாவை வரவேணாம்னு அழுது நிறுத்துனேனே, எதுக்கு? நான் ரோட்டுலயே ஒக்காந்திருக்கலாம். ஒக்காந்து கேஸு வாங்கியிருந்தா எனக்கு இம்புட்டு எரியாது!" என்றாள். வழக்கு இருப்பது ஒரு குற்றம், அதை மறைத்து எழுதியது இரண்டாவது குற்றம். இதில் எந்த ஒன்றினாலும் வேலை கைநழுவும். இரண்டையும் அவள் செய்யவில்லை.

அக்கா திண்டாடிப்போய் நின்றதை அன்றுதான் முதலில் பார்த்தேன். அந்தச் செல்போனை வாங்கி, பட்டியலை மேலிருந்து கீழாகத் தள்ளித் தள்ளிப் படித்தார். எண்பத்தெட்டாவது பெயரில் விரல் நின்றது. உடையப்பன். ஆள் அப்போது இரண்டு வருடமாகச் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். வேலை அட்டையில் பெயர் இருந்தது, கை பாட்டுக்கு எழுதிவிட்டது.

"ஐயோ, எங்கைய வெட்டிப் போட" என்று சொல்லிக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

மறுநாள் திருமயத்தில் வக்கீல் உமர் பாரூக்கைப் பார்த்தோம். கோட்டைப்பட்டினத்துக்காரர், மீனவர் போராட்ட வழக்கெல்லாம் பார்த்துப் பழகியவர். நிதானமாகப் பேசுவார். அறிக்கையைப் படித்துவிட்டு, "அஞ்சு பேருக்கு மேல சேர்ந்தாலே சட்டவிரோதக் கூட்டம்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அப்படி இல்லைங்க. என்ன நோக்கத்துக்குச் சேர்ந்தாங்கங்கிறதுதான் கேள்வி. ஆயுதமில்லாம அமைதியாக் கூடுறது அரசியல் சட்டம் குடுத்த உரிமை. ரோட்டை மறிச்சது வேணா தனிக் குற்றம். இதை வாதாடலாம். ஆனா வாதாடி முடிக்க வருஷமாகும், இந்தப் பொண்ணுக்கு அறிக்கை போக வேண்டியது பத்து நாள்ல" என்றார்.

"விட்டுப் புடிச்சா என்ன சார்? ஒரு வருஷத்துல குற்றப்பத்திரிகை போடலைன்னா கேஸே செத்துப்போகும்னு சொல்றாங்களே?" என்று கேட்டேன்.

"சாகும். அதுக்கு முன்னாடி வேலை செத்துப்போகும். போலீஸ் இப்பத்தான் குற்றப்பத்திரிகை தயார் பண்ணிக்கிட்டு இருக்கு. அதுக்குள்ள இந்தப் பேரு தப்பா சேர்ந்ததுன்னு விசாரணை அதிகாரிக்குத் தெரிஞ்சா, அவங்களே எடுத்துவிடலாம். ஆனா எழுதுனவங்க வந்து சொல்லணும்." சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். "சொன்னீங்கன்னா, அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் குடுத்தோம்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. அதுக்கும் ஒரு பிரிவு இருக்கு. அதோட உங்க வேலை... பேர் எழுதுற வேலையில்ல?"

பேருந்தில் திரும்பும்போது அக்கா, "தம்பி, ஒன்பது வருஷத்துல ஒரு பொய்ப் பேரு எழுதுனது இல்ல. இனி யாரு நம்புவா?" என்று கேட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

காவல் நிலையத்தில் பழைய எஸ்.ஐ. மாறிப்போய், இன்ஸ்பெக்டராக ஷர்லி மேடம் வந்திருந்தார். அக்கா, பிரகதாம்பாள், நான், மூன்று பேரும் போனோம். உடையப்பன் லீவில் ஊருக்கு வந்திருந்ததால் அவருடைய பாஸ்போர்ட் நகலையும் வாங்கிக்கொண்டு போயிருந்தோம். மேடம் அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டே எங்க ஸ்டேஷன் லிமிட்டுல பஸ்ஸை மறிச்சிருக்காரு. இவருக்கு பாஸ்போர்ட் சாட்சி. அந்தப் பொண்ணுக்கு என்ன சாட்சி?"

"டியூஷன்ல இருந்துச்சும்மா, நோட்டுல கையெழுத்து இருக்கு" என்றார் பிரகதாம்பாள்.

"டியூஷன் நோட்டுல யாரு வேணாலும் எழுதலாம்மா." மேடம் பேனாவை மூடிவைத்துவிட்டு, குரலைத் தணித்து அக்காவிடம் சொன்னார்: "ஒண்ணு செய்ங்க. பேர் ஒற்றுமையால தவறுதலா சேர்ந்துருச்சுன்னு எழுதிக் குடுங்க. வேற ஒரு மோகனப்ரியா வந்திருந்தா, ஆள் மாறிப்போச்சுன்னு. பொண்ணுக்கும் நல்லது, உங்களுக்கும் ஒண்ணும் வராது."

நல்ல மனசோடு சொன்ன யோசனைதான். எனக்கு உயிர் வந்தது. அக்கா மேசைமேல் இருந்த வெள்ளைத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஊர்ல இன்னொரு மோகனப்ரியா இல்லைங்களே. அவளையும் இப்ப நானே பெத்துப் பேரு வச்சு எழுதணுமா?"

"அம்மா, உதவி செய்யத்தான் சொல்றேன்."

"தெரியுதுங்க மேடம். கும்புடுறேன். ஆனா ஒரு பொய்யை எழுதித்தான் இந்தப் புள்ளைக்கு இந்தக் கதி. அதை அழிக்க இன்னொண்ணு எழுதுனா, நாளைக்கு அதுவும் அது தலையிலதான் விடியும். மிச்ச நாப்பது பேரையும் என்ன பண்றது? அதுல கறவை மாட்டு லோன் கேக்கப்போறவ இருக்கா, பாஸ்போர்ட்டு எடுக்கிறவன் இருக்கான். ஒருத்தருக்கும் தெரியாது, தங்க மேல கேஸு இருக்குன்னு. தாளைக் குடுங்க. நான் எழுதுறேன்."

எழுதினார். அதே அச்சடித்த கையெழுத்து. அன்றைக்கு உட்கார்ந்தவர்கள் அறுபத்திரண்டு பேர், அவர்களுடைய பெயர்கள் இவை. வராதவர்கள் நாற்பத்தொரு பேர், அவர்களுடைய பெயர்கள் இவை, அவர்களை எழுதியது நான், அவர்களுக்கு இது தெரியாது. கீழே கையெழுத்து. மேடம் படித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "இப்படி எழுதச் சொல்லி யாராச்சும் சொன்னாங்களா?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லலைங்க. எங்கைதான் எழுதுச்சு" என்றார் அக்கா.

வெளியே வந்ததும் புளியமரத்தடியில் நிறுத்திக் கேட்டேன், "ஏங்க்கா என்னைச் சொல்லலை?" அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ எண்ணிக்கைதான கேட்ட. பேரு குடுத்தது நான்ல?" அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றிரவே எங்கள் அலுவலகத்துக்கு, போன வருடத்துச் செய்தியில் எண்ணிக்கை தவறு, அறுபத்திரண்டு என்று திருத்தம் அனுப்பினேன். ஒரு வருடத்துப் பழசுக்குத் திருத்தமா என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நாற்பத்தொரு பெயரும் குற்றப்பத்திரிகையில் வராமல் நீங்கின. மோகனப்ரியாவுக்கு நன்னடத்தை அறிக்கை நல்லபடியாகப் போய், பணி ஆணையும் வந்தது. பொய்த் தகவல் என்று தனி வழக்கு எதுவும் மேடம் போடவில்லை. ஆனால் ஊரில் விஷயம் பரவிவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் ஒன்றிய அலுவலகத்துக்கு மனுப் போட்டார்: கைதுப் பட்டியலில் பொய்ப் பெயர் எழுதியவர் வேலைப் பட்டியலில் எழுத மாட்டாரா? கேள்வியில் தப்பு இல்லை. ஒன்பது வருடத்துப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிழை கிடைக்கவில்லை, இருந்தாலும் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. இப்போது அக்கா மண்வெட்டியோடு வேலைக்குப் போகிறார். அவர் பெயரைப் புதிதாக வந்தவர் கூப்பிடுகிறார். "செவந்தி அக்கா" என்று கூப்பிட அந்தப் பெண் கூச்சப்பட்டபோது, "செவந்தின்னே கூப்புடும்மா, சத்தமாக் கூப்புடு, கடைசியில நிக்கிறவனுக்கும் கேக்கணும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

இதில் அவரைக் குடைந்தது வேலை போனதுகூட இல்லை. மோகனப்ரியா பேசவில்லை. அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு வேலிதான். இரண்டு மாதம் அந்தப் பெண் அக்கா இருக்கும் திசைப்பக்கமே திரும்பாமல் போய் வந்தாள். பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த பிள்ளை. அக்கா ஒரு தரம் மீன் குழம்பு கொடுத்தனுப்பினார், கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது, ஆள் வரவில்லை. "சரிதான். நான் பண்ணுனதுக்கு அது பேசுச்சுன்னாத்தான் ஆச்சரியம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

போன வாரம் திருமயம் நீதிமன்றத்தில் முதல் வாய்தா. இரண்டு மினி பஸ் பிடித்து அறுபத்திரண்டு பேரும் போனோம், நான் செய்தி எடுக்க. வக்கீல் முன்னாலேயே சொல்லியிருந்தார்: குற்றத்தை ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், ஒத்துக்கொள்ளாவிட்டால் அலைய வேண்டியதுதான். பாதிப் பேர் ஒத்துக்கொண்டு தலைமுழுகிவிடும் யோசனையில்தான் வந்திருந்தார்கள். முதலில் கூப்பிட்டது செவந்தி அக்காவை.

குற்றச்சாட்டைத் தமிழில் படித்துக் காட்டினார்கள். சட்டவிரோதமாகக் கூடியது, பொதுமக்கள் செல்லும் வழியை மறித்தது. நீதிபதி இளவயசு அம்மா. ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லிக்கிறேங்கம்மா. வராதவங்க பேரை எழுதுனேன். அது தப்பு, பெரிய தப்பு. அதை எழுதிக் குடுத்துட்டேன், எங்க கேட்டாலும் ஒத்துக்கிறேன். ஆனா தண்ணி இல்லாம ரோட்டுல போய் ஒக்காந்தது தப்புன்னு கேட்டா, அதை ஒத்துக்க மாட்டேங்க."

நீதிபதி எழுதுவதை நிறுத்தி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "குற்றத்தை மறுக்கிறார்" என்று தட்டச்சு செய்பவரிடம் சொன்னார். அடுத்தவளைக் கூப்பிட்டார்கள். அவளும் இல்லை என்றாள். அதற்கடுத்தவளும். அபராதத்துக்குத் தயாராக வந்தவர்கள்கூட இல்லை என்றே சொன்னார்கள். அறுபத்திரண்டு பேர் இல்லை என்று சொல்லி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. ஆகஸ்டுக்கு வாய்தா போட்டார்கள்.

வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் மோகனப்ரியா நின்றிருந்தாள். திங்கட்கிழமை பயிற்சிக்குப் போகிறவள், முடியை வெட்டியிருந்தாள். அக்கா பார்த்ததும் பதறிப்போய், "ஏய், இங்கிட்டு எதுக்கு வந்த? போலீஸ்காரப் புள்ள கோர்ட்டு வாசல்ல எங்களோட நிக்கலாமா? போ அங்கிட்டு!" என்று விரட்டினார்.

அவள் நகரவில்லை. "உள்ள நீங்க சொன்னதை ஜன்னல் வழியாக் கேட்டேன்" என்றாள். அப்புறம், "அத்தை, இனிமே நீங்க ரோட்டுல ஒக்காந்தா நான்தான் வந்து ஒங்களைத் தூக்கி வண்டியில ஏத்தணும், தெரியும்ல?" என்றாள்.

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு. "ஏத்துடி. நல்லா இறுக்கிப் புடிச்சு ஏத்து. ஆனா லிஸ்ட்டு எழுதச் சொல்லி என்னை மாதிரி ஒருத்திகிட்ட தாளைக் குடுத்துட்டுப் போயிராத. ஒவ்வொரு தலையா நீயே எண்ணு, ஒவ்வொருத்தரையும் கேட்டு எழுது."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"எண்ணுறேன் அத்தை" என்றாள்.